சிறு வியாபாரியின் விளம்பரக் கணக்கு

அரியக்குடி என்றவுடன் சங்கீத ரசிகர்களுக்கு, 1890-ஆம் ஆண்டில் அவ்வூரில் பிறந்த ராமாநுஜ ஐயங்காரின் நினைவு வரும். பக்தர்களுக்குத் திருவேங்கடமுடையான் சந்நிதியின் நினைவு வரும். இன்று நாம் எழுதப் புகுந்தது இவ்விரண்டையும் பற்றியன்று; அடுப்பைப் பற்றி. காரைக்குடியைச் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களில் தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை, அதிரசம், கைமுறுக்கு முதலிய பலகாரங்களைச் செய்து விற்று ஜீவனம் நடத்தும் குடும்பங்கள் பல. இவற்றை உள்ளூரிலேயே விற்றுப் பிழைக்க முடியாது. தம் வீட்டிலேயே சுடத் தெரிந்தவர்கள் அவ்வூரார். வாங்குகிறவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் கோயம்புத்தூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். முன்பெல்லாம் அவர்கள் கல்யாணத்துக்கோ படைப்புக்கோ ஊருக்கு வந்து திரும்பும்போது டின்னில் அடைத்து எடுத்துச் சென்றார்கள். இப்போதோ, இருந்த இடத்திலேயே கைபேசியை எடுத்துக் கூகிளில் ‘செட்டிநாட்டுப் பலகாரம்’ என்று எழுதிப் பார்க்கிறார்கள். எந்தக் கடையின் பெயர் முதலில் கண்ணில் படுகிறதோ அந்தக் கடைக்கு ஆர்டர் போகிறது. முதலில் கண்ணில் படும் இடமோ, பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கிய இடம்.

விளம்பரத்துக்கென்று மாதம் ஐயாயிரம் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் ஒதுக்க இயலாத ஒரு சிறு வியாபாரி அந்த இடத்தை வாங்க முயலலாமா? முயன்றால் கட்டுமா? இதுவே இங்கு ஆராய வேண்டிய விஷயம். ‘அதெல்லாம் பெரிய கம்பெனிகளின் விளையாட்டு, நமக்கெதற்கு?’ என்று ஒதுங்குவோர் ஒரு சாரார். ‘பணத்தைப் போட்டுவிட்டால் போதும், மற்றதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும்’ என்று துணிவோர் மற்றொரு சாரார். இரு சாராரும் செய்யும் தவறு ஒன்றேதான் என்பது நமது அபிப்பிராயம். இருவரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

ஏலம் நடக்கும் விதம்

பத்திரிகையில் விளம்பரம் செய்கிறவர் இடத்துக்கு விலை கொடுக்கிறார். அதைப் பார்த்தவர் எத்தனை பேர், பார்த்துவிட்டுக் கடைக்கு வந்தவர் எத்தனை பேர் என்பதெல்லாம் அந்த விலைக்குச் சம்பந்தமில்லாதவை. (பத்திரிகையில் இருந்துகொண்டே இதை எழுதுவது சற்று விபரீதந்தான், ஆயினும் உண்மை உண்மையே.) தேடல் விளம்பரத்தின் முறை வேறு. விளம்பரம் எத்தனை முறை தோன்றினாலும் கட்டணமில்லை. தோன்றிய விளம்பரத்தை ஒருவர் விரலால் தொட்டுக் கடையின் பக்கத்துக்குள் நுழைந்தால்தான் காசு. இந்தத் தொடுதலுக்குத்தான் ‘கிளிக்’ என்று பெயர். 1998-இல் அமெரிக்காவில் பில் கிராஸ் என்பவர் நடத்திய ‘கோ டூ’ என்னும் ஸ்தாபனம் இம்முறையைப் பெரிய அளவில் புகுத்தியது. 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் ‘ஆட்வேர்ட்ஸ்’ என்ற பெயரில் விளம்பரக் கடையைத் திறந்த கூகிள் கம்பெனி, 2002-இல் கிளிக்குக்குக் காசு என்னும் ஏலமுறைக்கு மாறியது. 2018-இல் அதன் பெயர் ‘கூகிள் ஆட்ஸ்’ என்று மாறிற்று. அவ்வாண்டின் தொடக்கத்தில்தான் தமிழும் அக்கம்பெனியின் விளம்பர மொழிகளில் ஒன்றாகச் சேர்ந்தது.

ஒருவர் ஒரு சொல்லை எழுதித் தேடும் ஒவ்வொரு தடவையும், கண்ணிமைக்கும் நேரத்துக்குள் ஓர் ஏலம் நடந்து முடிகிறது. மீன் ஏலம், புளி ஏலம் போன்றதன்று இது. அங்கே அதிகம் கேட்டவனுக்குச் சரக்கு. இங்கே கேட்ட விலையோடு விளம்பரத்தின் தரமும் பெருக்கப்படுகிறது. ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு பெரிய கடை கிளிக்குக்கு ரூ. 20 வரை கொடுக்கத் தயார். அதன் விளம்பரத்தின் தரம் 4. ஒரு சிறிய கடை ரூ. 12 வரைதான் கொடுக்கும். அதன் தரம் 8. பெருக்கிப் பார்த்தால் பெரிய கடைக்கு 80. சிறிய கடைக்கு 96. முதலிடம் சிறிய கடைக்கே. அது கொடுக்கும் விலையும் ரூ. 12 அன்று. தனக்குக் கீழே நிற்பவரின் 80-ஐத் தாண்டுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே. அதாவது 80-ஐ 8-ஆல் வகுத்தால் வரும் 10 ரூபாயும் அதற்கு மேல் சில காசும்.

இது பாடப் புத்தக உதாரணம். நடைமுறையில் தேடுகிறவர் இருக்கும் ஊர், நேரம், கம்பெனி வைத்திருக்கும் குறைந்தபட்ச வரம்பு முதலியனவும் சேர்கின்றன. சூத்திரம் முழுவதையும் கம்பெனி வெளியிடுவதில்லை. ஆயினும் அடிப்படை இதுதான். தரம் என்பதில் மூன்று விஷயங்கள் அடங்கும்: இவ்விளம்பரத்தை ஜனங்கள் தொடுவார்கள் என்னும் எதிர்பார்ப்பு, தேடிய சொல்லுக்கும் விளம்பர வாசகத்துக்கும் உள்ள பொருத்தம், தொட்டபின் திறக்கும் பக்கத்தின் யோக்கியதை. மணகோலம் தேடி வந்தவருக்கு மணகோலத்தின் படமும், எடையும், விலையும், கூரியர் செலவும் உடனே தெரிய வேண்டும். ‘எங்கள் பாரம்பரியம்’ என்று மூன்று பாரா படித்த பிறகுதான் விலை தெரியும் என்றால் வந்தவர் திரும்பிவிடுவார். அவருக்காகக் கொடுத்த காசு திரும்பாது. பணப்பை சிறியவர்களுக்கு இந்த ஏலத்தில் இருக்கும் ஒரே சௌகரியம் இந்தத் தரந்தான்.

ஆச்சியின் பேரேடு

அரியக்குடியில் பலகாரம் சுட்டு விற்கும் ஓர் ஆச்சி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன், “ஆச்சி, நாளைக்கு ஐந்நூறு ரூபாய் போட்டால் ஆர்டர் கொட்டும்” என்கிறான். “கொட்டுவது இருக்கட்டும் தம்பி, ஓர் ஆர்டருக்கு அவன் எடுத்துக்கொள்வது எவ்வளவு? அதைச் சொல்” என்கிறார் ஆச்சி. விஷயத்தின் கழுத்தைப் பிடித்துவிட்டார். செட்டிநாட்டார் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கடை வைத்த காலத்தில், பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாளாகி மேலாளாக உயர்வதற்குள் நாள்வழியும் பேரேடும் ஐந்தொகையும் அவன் விரல் நுனிக்கு வந்துவிடும். அந்தப் பரம்பரையுள்ள நாட்டில் விளம்பரப் பெட்டியின் சாவியை மட்டும் கணக்கின்றி இயந்திரத்திடம் கொடுப்பானேன்?

கணக்கு இதுதான். பலகார டின் ஒன்றின் விலை ரூ. 800. மாவு, எண்ணெய், கேஸ், கூலி, டின், கூரியர் எல்லாம் போக மிஞ்சுவது ரூ. 200. பக்கத்துக்குள் நுழையும் இருபது பேரில் ஒருவர் வாங்குகிறார் என்க. ஒரு ஆர்டருக்கு இருபது கிளிக் வேண்டும். அப்படியானால் கிளிக் ஒன்றுக்குப் பத்து ரூபாய் கொடுத்தால் மிச்சம் முழுவதும் விளம்பரத்துக்கே போய்விடும். ஆச்சி அடுப்பில் வெந்தது கூகிளுக்காக என்று ஆகும். ஆகவே ஆச்சியின் உச்சவரம்பு பத்து ரூபாய். அதற்குக் கீழே எவ்வளவு குறைகிறதோ அவ்வளவும் லாபம். இந்த எண்ணைக் கம்பெனி சொல்லாது, சொல்லவும் முடியாது. அது ஆச்சியின் பேரேட்டில் மாத்திரமே இருக்கிறது.

இனி மாதக் கணக்கைப் பார்ப்போம். தினம் ரூ. 200 என்று வரம்பு வைத்தால், கம்பெனி ஒரு மாதத்துக்கு 30.4 நாள் என்று வைத்து ரூ. 6,080 வரை எடுக்கும். (தினசரி வரம்பு என்று பெயரே ஒழிய, கிராக்கியுள்ள ஒரு நாளில் அதைப்போல் இரண்டு மடங்குவரை செலவழிக்க அதற்கு உரிமையுண்டு, மாத வரம்பைத்தான் மீறாது. முதல் வாரத்தில் இதைக் கண்டு பதறுபவர் அநேகர்.) கிளிக் எட்டு ரூபாய் என்றால் 760 கிளிக். இருபதுக்கு ஒன்று வீதம் 38 ஆர்டர். மிச்சம் ரூ. 7,600. விளம்பரச் செலவு போக ரூ. 1,520 நிற்கிறது.

நிற்கிறதா? ஜி.எஸ்.டி. வரி நூற்றுக்குப் பதினெட்டு இருக்கிறது. 6,080-க்கு அது ரூ. 1,094. முறையாகப் பதிவு செய்துகொண்டு வரி கட்டும் வியாபாரி இதைத் தான் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். பதிவு செய்யத் தேவையில்லாத அளவு சிறிய வியாபாரிக்கு அந்தச் சலுகை இல்லை. அவருக்கு மாத முடிவில் மிஞ்சுவது நானூற்று இருபத்தைந்து ரூபாய் சொச்சம். ஆகவே அவருடைய உண்மையான உச்சவரம்பு பத்து ரூபாயன்று. எட்டரை ரூபாயை எட்டாதது. முன்பணம் கட்டுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்: பத்தாயிரம் கட்டினால் விளம்பரத்துக்கு நிற்பது சுமார் ரூ. 8,475தான்.

‘இவ்வளவு பாடுபட்டு நானூறு ரூபாயா?’ என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. வந்த 38 பேரில் பாதிப்பேர் தீபாவளிக்கு மறுபடியும், இம்முறை விளம்பரம் இல்லாமல், நேரே ஆச்சியின் தொலைபேசிக்கே ஆர்டர் கொடுத்தால் கணக்கு மாறிவிடும். ஒருவரிடமிருந்து சராசரியாக 200-க்குப் பதில் 300 ரூபாய் மிஞ்சும். உச்சவரம்பு பதினைந்தாக உயரும். ஆனால் இந்த இரண்டாவது ஆர்டரை நோட்டில் கண்ட பிறகே கணக்கில் சேர்க்க வேண்டும். வரப்போகிறது என்ற நம்பிக்கையில் முன்கூட்டியே ஏலத்தில் விலையேற்றுவது கடன் வாங்கிச் சூதாடுவதற்குச் சமானம். அதற்காகவே ஆர்டர் கொடுக்கும் ஒவ்வொருவரையும் ‘எங்கே பார்த்தீர்கள்?’ என்று கேட்டு, பதிலை ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும். தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் ஆர்டரை, அதற்கென்று ஏற்பாடு செய்யாவிட்டால், கூகிளின் கணக்கு அறியாது. நாற்பது பக்க நோட்டு அறியும்.

எந்தச் சொல்லை வாங்குவது?

ஏலத்தில் வாங்குவது சொல்லை. இத்தொழிலில் இருப்பவர்கள் ‘கீவேர்டு’ என்பார்கள். சிறு வியாபாரியின் பணம் அதிகமாகச் சேதமாவது இங்கேதான்.

‘செட்டிநாடு’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதை எழுதித் தேடுகிறவர் பலகாரம் தேடுகிறார் என்பதற்கு என்ன நிச்சயம்? கோழிக்குழம்பின் செய்முறை தேடுவோர் உண்டு. சிமெண்ட் தேடுவோர் உண்டு. பழைய மாளிகைகளைப் பார்க்க வருவோர் தங்குமிடம் தேடுவதுண்டு. ஆத்தங்குடிக் கல், கண்டாங்கிச் சேலை, ஆஸ்பத்திரி தேடுவோரும் உண்டு. இத்தனை பேருக்கும் ஆச்சியின் விளம்பரத்தைக் காட்டி, அவர்களில் சிலர் வேடிக்கைக்காகத் தொட்டுப் பார்த்தாலும் ஆளுக்கு எட்டு ரூபாய். ‘முறுக்கு’ என்று மொட்டையாக வாங்கினாலும் இதே கதிதான். பாதிப்பேர் முறுக்குச் சுடக் கற்றுக்கொள்ள வந்தவர்கள்.

சொல்லை எவ்வளவு இறுக்கமாக வாங்குவது என்பதற்கு மூன்று தரங்கள் உண்டு. ‘பிராட் மேட்ச்’ என்பது அகலத் திறந்த கதவு. ஏதாவது ஒரு சம்பந்தம் இருப்பதாக இயந்திரம் நினைத்தால் போதும், விளம்பரம் தோன்றும். ‘பிரேஸ் மேட்ச்’ ஒருக்களித்த கதவு. ‘எக்ஸாக்ட் மேட்ச்’ என்பது தாழ்ப்பாள் போட்ட கதவு. ஆனால் அதுவும் இப்போது முழுத் தாழ்ப்பாளன்று. ஒரே பொருளுடைய வேறு சொற்களையும், எழுத்துப் பிழைகளையும் அதனுள் கம்பெனி அனுமதிக்கிறது. தமிழை ஆங்கில எழுத்தில் நாலு விதமாக எழுதித் தேடும் நம்மவர் வழக்கத்துக்கு இது ஓரளவு அனுகூலமே. ஒரு சொல்லை அடையாளம் எதுவும் இடாமல் எழுதிவைத்தால் அது தானாகவே அகலக் கதவாகிவிடும் என்பதை மறக்கலாகாது.

ஆச்சி வாங்கவேண்டியவை நீண்ட, தெளிவான சொற்றொடர்கள்: ‘மணகோலம் ஆர்டர்’, ‘செட்டிநாட்டுப் பலகாரம் ஆன்லைனில் வாங்க’, ‘கல்யாணச் சீர்ப் பலகாரம் காரைக்குடி’. இவற்றைத் தேடுவோர் தொகை சிறிது. ஆனால் தேடுகிறவர் கையில் பணத்தோடு வருகிறார். அதிலும் கல்யாணச் சீர் விஷயம் தனி. ஓர் ஆர்டர் ரூ. 25,000, மிச்சம் ரூ. 6,000 என்று வைத்துக்கொண்டால், நாற்பது பேரில் ஒருவர் வாங்கினாலும் கிளிக்குக்கு 150 ரூபாய் வரை தாங்கும். டின் வியாபாரத்தில் எட்டு ரூபாய்க்கு அஞ்சிய அதே ஆச்சி, இந்தச் சொல்லுக்கு முப்பது ரூபாய் கூசாமல் கொடுக்கலாம். சொல்லுக்குச் சொல் விலை வேறு என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுவதில்லை.

வாங்கவேண்டிய சொற்களைப்போலவே விலக்கவேண்டிய சொற்களும் உண்டு. செய்முறை, வீடியோ, இலவசம், வேலை, மெஷின், சிமெண்ட், ஹோட்டல், ஆஸ்பத்திரி: இவை சேர்ந்த தேடலுக்கு விளம்பரம் தோன்ற வேண்டாம் என்று எழுதிவைத்துவிடலாம், அதற்குக் கட்டணமில்லை. எந்தெந்தத் தேடலுக்குக் காசு போயிற்று என்று காட்டும் பட்டியல் ஒன்றைக் கம்பெனி தருகிறது. திங்கள்தோறும் கால்மணி நேரம் உட்கார்ந்து அதைப் படித்து, விலக்குச் சொற்களைச் சேர்த்துக்கொண்டே வந்தால் இரண்டு மாதத்தில் ஓட்டை பெரும்பாலும் அடைபடும். முழுவதும் அடைபடாது. 2020 செப்டம்பர் முதல், சிலரே தேடிய சொற்களை அப்பட்டியலில் காட்டுவதைக் கம்பெனி நிறுத்திவிட்டது. காசு கொடுத்தவனுக்குக் கணக்கில் ஒரு பகுதியை மறைக்கும் இவ்வழக்கம் எந்த மண்டிக்கடையிலும் செல்லாது, இங்கே செல்லுகிறது.

முன்கூட்டியே இட்ட குறிகள்

புதிதாக விளம்பரக் கணக்குத் திறப்பவர் முன் பல கட்டங்கள் தோன்றும். சிலவற்றில் முன்கூட்டியே குறி இடப்பட்டிருக்கும். படிக்காமல் ‘சரி’ சொல்லிக்கொண்டே போவது நம்மவர் சுபாவம். அந்தச் ‘சரி’கள் ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. தேடல் பக்கத்தோடு நில்லாமல் வேறு தளங்களிலும் விளம்பரத்தைக் காட்ட அனுமதிக்கும் குறிகளை எடுத்துவிட வேண்டும். சென்னை என்று குறித்தால், சென்னையில் இருப்பவருக்கு மட்டுமன்றிச் சென்னையைப் பற்றி அக்கறை காட்டிய வெளியூராருக்கும் விளம்பரம் தோன்றும். ‘அவ்விடத்தில் இருப்போர்’ என்பதை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். கூரியர் செலவு கட்டுப்படியாகும் மூன்று நான்கு நகரங்களோடு ஆரம்பத்தில் நிறுத்திக்கொள்வது விவேகம். சிங்கப்பூர் பிறகு ஆகட்டும். எல்லா இடத்திலும் இயந்திரமே பரப்பிக்கொள்ளும் ‘பெர்பாமென்ஸ் மேக்ஸ்’ என்னும் ஏற்பாட்டையும் சிறு வியாபாரி முதலில் தொடலாகாது. எந்தச் சொல் பணத்தைத் தின்றது என்பது அதில் தெளிவாகத் தெரியாது.

தானாக விலை நிர்ணயிக்கும் முறை கெட்டதென்று நாம் சொல்லவில்லை. இயந்திரம் கற்றுக்கொள்வது ஆர்டர்களிலிருந்து. மாதம் ஆயிரம் ஆர்டர் காணும் கடையில் அது நன்றாகக் கற்கும். முப்பது ஆர்டர் காணும் ஆச்சியிடம் அது கற்க என்ன இருக்கிறது?

பொறுமைக்கும் ஒரு கணக்கு

இருபது பேரில் ஒருவர் வாங்குவார் என்றோம். இருபது கிளிக் ஆகியும் ஆர்டர் வரவில்லை. ஆச்சி விளம்பரத்தை நிறுத்திவிடலாமா? கூடாது. உண்மையில் இருபதுக்கு ஒன்று வீதம் விற்கும் சொல்லாகவே இருந்தாலும், முதல் இருபது கிளிக்கில் ஒன்றுகூட வராமல் போவது நூற்றுக்கு முப்பத்தாறு தடவை நிகழக்கூடியது. அறுபது கிளிக் ஆகியும் ஒன்றும் வரவில்லையென்றால் அது தற்செயலாக நேர்வது நூற்றுக்கு ஐந்து தடவைக்கும் குறைவு. அப்போது அந்தச் சொல்லைக் கைவிடலாம். எட்டு ரூபாய் வீதம் ஒரு சொல்லைச் சோதிக்க ரூ. 480 ஆகிறது.

இதிலிருந்து விளைவது யாதெனில், பத்துச் சொற்களை ஒரே சமயத்தில் சோதிக்க ரூ. 4,800 வேண்டும், ஆச்சியின் மாதப் பணத்தில் பெரும்பகுதி சோதனைக்கே போய்விடும். ஐம்பது சொற்களை வாங்கிவைத்துச் சொல்லுக்குப் பத்துக் கிளிக் என்று தூவினால், மாத முடிவில் பணமும் இராது, எது விற்கும் என்னும் அறிவும் இராது. இரண்டு சொல், மிஞ்சினால் மூன்று. அவற்றை முடிவு காணும்வரை விடாமல் நடத்தவேண்டும். கச்சேரியை விறுவிறுப்பாக நடத்திய ராமாநுஜ ஐயங்காரின் ஊருக்கு, மூச்சை எங்கே செலவிடுவது என்பதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

தராசு யார் கையில்?

நிற்க. ஏலத்தில் கூறுபவனும் தராசு பிடிப்பவனும் சரக்குக்கு உடையவனும் ஒருவனாகவே இருப்பது இந்தச் சந்தையின் விசேஷம். 2024-ஆம் ஆண்டில் தேடல் துறையிலிருந்து மாத்திரம் அக்கம்பெனிக்கு வந்த வருமானம் சுமார் 19,800 கோடி டாலர். அவ்வாண்டு ஆகஸ்ட் 5-ஆம் தேதி, வாஷிங்டன் பெடரல் நீதிமன்றத்தின் நீதிபதி அமித் மேத்தா, தேடல் துறையில் கூகிள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தார். போட்டிக்கு அஞ்சாமல் தேடல் விளம்பர விலையை அக்கம்பெனி உயர்த்த முடிந்தது என்பதும் அவர் கண்ட முடிவுகளில் ஒன்று. அவ்வழக்கில் சாட்சி சொன்ன கம்பெனி அதிகாரி ஒருவரே, ஏலத்தின் உட்பொறிகளைத் திருகிச் சில சமயங்களில் விலையை நூற்றுக்கு ஐந்து வீதம் ஏற்றியதுண்டு என்று ஒப்புக்கொண்டார். ஆச்சியின் எட்டு ரூபாய் எட்டு ரூபாய் நாற்பது காசு ஆனால் அவருக்குக் காரணம் தெரியப்போவதில்லை. மாத மிச்சம் நானூற்றிருபத்தைந்தில் பெரும்பகுதி கரைந்திருப்பது மட்டும் தெரியும்.

நம் ராஜதானியிலேயே இது குறித்து வழக்கு நடந்திருக்கிறது. சென்னையில் வேரூன்றி வளர்ந்த பாரத் மேட்ரிமோனி கம்பெனி, தன் பெயரை எழுதித் தேடுவோருக்குப் போட்டிக் கம்பெனிகளின் விளம்பரங்கள் காட்டப்படுவதை எதிர்த்துச் சென்னை ஹைக்கோர்ட்டுக்குச் சென்றது. 2010 செப்டம்பரில் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் இடைக்காலத் தடை கொடுக்க மறுத்துவிட்டார். அப்பெயரில் அடங்கிய சொற்கள் பொதுவழக்கில் உள்ளவை என்பது முக்கியமான காரணம். 2012-இல் அக்கம்பெனியும் ஒரு நுகர்வோர் ஸ்தாபனமும் போட்டி ஆணையத்திடம் முறையிட்டன. 2018 பிப்ரவரியில் ஆணையம் கூகிளுக்கு ரூ. 135.86 கோடி அபராதம் விதித்தது உண்மை. ஆனால் அது தேடல் முடிவுகளில் பாரபட்சம் காட்டியதற்காக. விளம்பரச் சொற்களைப் பற்றிய குற்றச்சாட்டை ஆணையம் ஏற்கவில்லை. பிறகு 2023 ஆகஸ்டில் டில்லி ஹைக்கோர்ட்டின் பெஞ்சு ஒன்று, பிறருடைய டிரேட்மார்க்கை விளம்பரச் சொல்லாக விற்பதும் அதை உபயோகிப்பதேயாகும், ஜனங்களுக்கு மயக்கம் விளைந்தால் கம்பெனி பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று சொல்லியிருக்கிறது.

கோடிக்கணக்கில் புரளும் கம்பெனிக்கே இந்தப் பாடு என்றால், ஆச்சி கோர்ட்டுக்குப் போகப் போவதில்லை. அவர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. கடைக்குப் பெயர் வைக்கும்போது ‘செட்டிநாட்டுப் பலகாரக் கடை’ என்று எல்லோருக்கும் பொதுவான சொற்களால் வைக்காமல், தமக்கே உரிய ஒரு பெயரை வைக்கலாம். வீட்டு விலாசமோ, குலதெய்வத்தின் பெயரோ, எதுவாயினும் சரி. அந்தப் பெயரைத் தேடி வருவோர் பழைய வாடிக்கைக்காரர்; அச்சொல்லுக்குப் போட்டி குறைவு, விலையும் குறைவு. கூகிளின் வரைபடத்தில் கடையின் பெயர், விலாசம், நேரம், படங்கள் ஆகியவற்றைப் பதிவு செய்துகொள்வதற்குக் கட்டணமே இல்லை. ஒரு காசு விளம்பரத்துக்குக் கொடுக்கும் முன் செய்யவேண்டிய இக்காரியத்தைப் பலர் செய்வதே இல்லை என்பது விசித்திரம்.

போட்டிக் கடைக்காரன் வேண்டுமென்றே தொட்டுத் தொட்டுப் பணத்தைக் கரைத்துவிடமாட்டானா என்ற பயமும் சிலருக்கு உண்டு. பயம் ஆதாரமற்றதன்று. அர்க்கன்ஸாவில் ஒரு பரிசுப் பொருள் கடை முன்னின்று தொடுத்த வழக்கை, 2006-இல் ஒன்பது கோடி டாலருக்குக் கூகிள் சமரசம் செய்துகொண்டது. பொய்க் கிளிக்குகளை இயந்திரமே கண்டு கழித்துவிடுவதாகக் கம்பெனி இப்போது சொல்லுகிறது. கழித்த தொகையைக் கணக்கிலும் காட்டுகிறது. ஒரே நாளில் காரணமின்றிக் கிளிக் பெருகி ஆர்டர் பெருகாவிட்டால் முறையிட்டுக் கேட்கலாம்.

சர்க்கார் செய்தது என்ன? ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் அந்நியக் கம்பெனிகளுக்கு இணைய விளம்பரத்துக்காகக் கொடுக்கும் தொகையின்மீது நூற்றுக்கு ஆறு வீதம் ஒரு தீர்வை 2016 ஜூன் முதல் இருந்தது. 2025 ஏப்ரல் முதல் தேதியோடு அது நீக்கப்பட்டது. ஆச்சியைப் போன்றவர்களை அது நேராகத் தொட்டதுமில்லை, காத்ததுமில்லை. காசு கொடுக்கிறவனுக்கு எந்தெந்தத் தேடலுக்காகக் காசு போயிற்று என்பதை ஒன்றுவிடாமல் காட்டவேண்டும் என்று ஒரு விதி செய்தால், அது சிறு வியாபாரிகளுக்கு எந்தத் தீர்வையையும்விட உபகாரமாக இருக்கும்.

அதுவரை ஆச்சியின் கையில் இருப்பது அந்த நோட்டுத்தான். ஐப்பசி பிறந்தால் பலகாரம் தேடுவோரும் பெருகுவார்கள், ஏலம் கேட்போரும் பெருகுவார்கள். கிளிக்கின் விலை ஏறும். எட்டரை ரூபாய்க்குமேல் போனால் அன்றைக்கு ஆச்சி விலகி நிற்கலாம். அவருடைய பழைய வாடிக்கைக்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போதே, இரண்டு அடுப்பும் மூன்று கூலியாட்களும் சுடக்கூடிய அளவுக்கு ஆர்டர் சேர்ந்துவிட்டதென்றால், அப்புறம் வரும் ஒவ்வொரு கிளிக்கும் ‘சரக்கு இல்லை’ என்று சொல்வதற்காகக் கொடுக்கும் எட்டு ரூபாய். அன்று மாலையே பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு விளம்பரத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும். நிறுத்துவதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது, அதற்குக் காசில்லை.